முள் குத்துமென்று மாத்திரையை நிறுத்தலாமா? – டாக்டரம்மா பதில்கள்

இந்த முறை ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சர்க்கரை, தைராய்டு என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா, என் வீட்டுக்காரருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். ஆசிட்ரோம் மாத்திரை தினமும் ராத்திரி போடவேண்டும். கரையில் இருக்கும்போது ஒழுங்காகப் போடுகிறார், கடலுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் போடுவதில்லை. "முள் குத்தி ரத்தம் நிற்காவிட்டால் நடுக்கடலில் யாரிடம் போவேன்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிகிறது. – வாசகி, பாம்பன்

பயம் நியாயமானதுதான் அம்மா, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறார். கெளுத்தி முள்ளோ தூண்டில் முள்ளோ கையில் ஏறினால் ரத்தம் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும், துணியை வைத்து அழுத்தலாம். மாத்திரை போடாத நாளில் உலோக வால்வின் மேல் உறைகிற ரத்தம் யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டி வால்வையே அசையவிடாமல் பிடித்துக்கொள்ளலாம், இல்லை பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போய் ஒரு பக்கம் கை காலை விழச் செய்யலாம், அது நடுக்கடலில் நடந்தால் அழுத்திப் பிடிக்க எந்த இடமும் இல்லை.

கணக்கையும் பாருங்கள். விசைப்படகில் வாரம் மூன்று நாள் போகிறார் என்றால் வாரத்தில் மூன்று ராத்திரி மாத்திரை இல்லை. நம் பக்கம் அதிகம் எழுதிக் கொடுக்கப்படும் இந்த ஆசிட்ரோம், அதாவது அசினோகூமரால், உடம்பில் வெகுநேரம் நிற்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வார்ஃபரின் பாதியாகக் குறைய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், இது அரை நாளுக்குள்ளேயே பாதியாகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் அளவு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்குமே தவிர எந்த நாளிலும் சரியாக இருக்காது. திரும்பி வந்தபிறகு போடுகிற மாத்திரையும் அன்றைக்கே வேலை செய்துவிடாது. ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைக் கல்லீரல் புதிதாகத் தயாரிப்பதைத்தான் இந்த மாத்திரை குறைக்கிறது, ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பவை தீர்வதற்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும், அதற்குள் அவர் மறுபடி படகேறிவிடுவார்.

ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் எடுத்த சீட்டு வீட்டில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்த மாத்திரை போடாதவர்களுக்கு அது 1 பக்கம் இருக்கும். மிட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் வைக்கச் சொல்வோம், அயோர்ட்டிக் இடத்தில் (இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய் கிளம்பும் வாசலில்) என்றால் பெரும்பாலும் 2-லிருந்து 3-க்குள். உங்கள் வீட்டுக்காரருக்கு எது என்பது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கத்தில் எழுதியிருக்கும். அந்த அளவுக்குள் இருக்கிறவருக்கு முள் குத்தினால் ரத்தம் நிற்கச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும். சுத்தமான துணியை வைத்து 15 நிமிஷம் விடாமல் அழுத்தவேண்டும். "நின்றுவிட்டதா" என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் நிற்பதில்லை.

அவர் செய்யவேண்டியது இவ்வளவுதான். ராத்திரி மாத்திரை போடும் நேரத்தில் படகில் இருப்பார் என்றால் ஈரம் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்தே எடுத்துப்போகட்டும், கடல் திடீரென்று கெட்டு எங்காவது ஒதுங்கவேண்டி வந்தாலும் கையில் இருக்கும். அது சரிவராது என்றால் காலையில் போடும்படி நேரத்தை மாற்ற முடியுமா என்று பார்க்கிற டாக்டரிடம் கேட்கலாம், எந்த நேரம் என்பதைவிடத் தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம். கூட வருகிற ஆட்களில் ஒருவருக்காவது இவர் இந்த மாத்திரை போடுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை பெயர், அளவு, எதற்காக என்று எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆதாரோடு வைத்துக்கொள்ளட்டும். வலை இழுக்கும்போது கையுறை போடச் சொன்னால் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்பார், செய்யட்டும்.

அப்புறம் ஒன்று, திருக்கை முள் ஆழமாக ஏறினாலோ தலையில் அடிபட்டாலோ கரைக்குத் திரும்பத்தான் வேண்டும். தலையில் காயமே தெரியாவிட்டாலும் சரி, "லேசாகத்தான் இடித்தது, நன்றாகத்தான் பேசுகிறான்" என்று விடக்கூடாது, இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து பல மணி நேரம் கழித்துக்கூட வெளியே காட்டும். இன்னொரு அடையாளமும் சொல்லிவைக்கிறேன். ராத்திரி அமைதியாக இருக்கும்போது அவர் வால்வு 'டிக் டிக்' என்று கேட்குமே, பக்கத்தில் படுக்கிற உங்களுக்கே கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சு வாங்கினால் நிச்சயமாக, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டீக்கடையில் சொல்கிறார்கள், இது எலி மருந்தாமே? – வாசகர், தங்கச்சிமடம்

டீக்கடையில் சொன்னது முழுப்பொய் இல்லை. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்தப் புல்லில் இருந்த சரக்கை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தார்கள், அதன் வழியில் செய்த வார்ஃபரின் 1948-ல் எலிமருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதித்தார்கள், அடுத்த வருஷமே அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது இதைக் கொடுத்தார்கள். எலிக்குக் கொடுப்பதும் உங்களுக்குக் கொடுப்பதும் அளவில்தான் வேறு, அதனால்தான் அளவை டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம். டீக்கடை நண்பர் டெஸ்டைப் பற்றியும் சொன்னாரா?

மாமியாருக்கு இந்த மாத்திரை. கீரையே கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லி, ஒரு வருஷமாக முருங்கைக்கீரை கண்ணில் காட்டவில்லை. தோட்டத்தில் மரம் காய்த்துக் கிடக்கிறது, அவருக்கு அதுதான் உயிர். – வாசகி, திருப்புல்லாணி

கொடுங்கள் அம்மா, பாவம்.

கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை, முளைக்கீரை இவற்றில் அது அதிகம், முட்டைக்கோஸிலும் உண்டு. ஆனால் கெடுதல் கீரையில் இல்லை, திடீரென்று கூட்டுவதிலும் குறைப்பதிலும்தான். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும், மாத்திரை அளவை டாக்டர் அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்வார். கீரையே சாப்பிடாதவர்களுக்கு இன்னொரு தொந்தரவு, உடம்பில் வைட்டமின் கே இருப்பு குறைந்துபோய், என்றைக்காவது ஒரு கல்யாண வீட்டில் கீரைக்கூட்டு சாப்பிட்டால்கூட ஐ.என்.ஆர். ஆட்டம் காணும். நீங்கள் ஒரு வருஷம் நிறுத்தியிருப்பதால் மரத்தோடு ஆய்ந்து பொரியல் வைத்துவிடாமல், கொஞ்சமாக ஆரம்பித்து ஒரு வாரம் பத்து நாளில் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். ஆரம்பிக்கப்போகிறோம் என்று டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மீன், நண்டு, இறால், தேங்காய், நுங்கு, பதநீர் இதெல்லாம் இந்தக் கணக்கில் பெரிதாக வராது. கருவாடு இதய நோயாளிக்கு வேண்டாம் என்பது உப்பினால், மாத்திரையினால் இல்லை. நம் ஊரில் இதை யாரும் யோசிப்பதில்லை, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், பல வீட்டில் குழம்புச்சட்டி கீரைக்கும் பருப்புக்கும் மாறும். அப்படி மாறுகிற வீடாக இருந்தால் தடை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு டெஸ்ட், மறுபடி மீன் வரத்து சரியானதும் ஒரு டெஸ்ட். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சாப்பாடே இறங்காமல் படுத்தாலும் இதே விஷயம்தான், அப்போது ஐ.என்.ஆர். ஏறும்.

நேற்று ராத்திரி மாத்திரை மறந்துவிட்டது. இன்றைக்கு இரண்டு போடலாமா? – வாசகர், தொண்டி

கூடாது தம்பி. அன்றைக்கே ஞாபகம் வந்திருந்தால் போட்டிருக்கலாம், மறுநாள் ஆகிவிட்டால் போனது போனதுதான், வழக்கமான நேரத்தில் வழக்கமான ஒன்று. காலண்டரில் குறித்துவைத்து அடுத்த டெஸ்டின்போது சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால் டாக்டருக்குப் போன் செய்யவேண்டும்.

எனக்குக் காலில் ரத்தக்கட்டி வந்து மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன். பாசி எடுக்கப் போகிறவள், முட்டியும் இடுப்பும் பிய்த்தெடுக்கிறது. ஊசி போட்டால்தான் கேட்கிறது, கூடவே தைலமும் தேய்க்கிறேன். போனவாரம் ஊசி போட்ட இடம் கன்னிப்போய்க் கல் மாதிரி வீங்கிவிட்டது. – வாசகி, மண்டபம்

அந்த வீக்கம் ஊசி ஏறிய தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டியது. முதலில் போய் ஐ.என்.ஆர். பாருங்கள், இந்தப் பதிலை முழுசாகப் படிப்பதற்கு முன்னாலேயே போனாலும் சரிதான்.

வலி ஊசி என்று பெரும்பாலும் போடுவது டைக்ளோஃபினாக். அது இரண்டு வழியில் உங்களுக்கு ஆகாது, இடுப்பிலோ கையிலோ தசையில் குத்தும் எந்த ஊசியும் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் உள்ளே கசிவைக் கொடுக்கலாம், அது போக மருந்தே வயிற்றைப் புண்ணாக்கி அங்கேயும் ரத்தம் வரவைக்கும். மாத்திரையாகப் போட்டாலும் இரண்டாவது ஆபத்து அப்படியே இருக்கிறது. ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் இதே ரகம். (இதய டாக்டரே இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் அது வேறு விஷயம், நீங்களாக ஆஸ்பிரினை நிறுத்தவேண்டாம்.) வலிக்குப் பாரசிட்டமால் பரவாயில்லை, அதையும் நாளுக்கு நாலு வீதம் வாரக்கணக்கில் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

தைலத்தைப் பற்றி நீங்களாகவே எழுதியது நல்லதாகப் போயிற்று, யாரும் அதை மருந்தென்று நினைத்துச் சொல்வதில்லை. மூட்டுவலித் தைலம், களிம்பு பலவற்றிலும் மீத்தைல் சாலிசிலேட் என்ற சரக்கு இருக்கும், அந்தக் காட்டமான வாசனையே பெரும்பாலும் அதனுடையதுதான். அது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன், நிறையத் தடவி அழுத்தித் தேய்த்தால் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கி இந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அதற்கு ஐ.என்.ஆர். தெரியாது.

மெடிக்கலில் போய் "வயித்தால போகுது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்குகிற பழக்கத்தையும் விடவேண்டும். அங்கே கிடைக்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை நன்றாகவே ஏற்றிவிடும். கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், படைக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் மாத்திரை இவையும் அப்படித்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மாத்திரைகள் நேர்மாறாக இறக்கிவிடும். இந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டாம். கவுண்டரில் நிற்கும்போதும், ஊசி போடுகிறவர் முன் உட்காரும்போதும், நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கும்போதும் "நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வலியைச் சொல்லுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

காலில் வந்த கட்டிக்குக் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை போடவேண்டும், சிலருக்கு இன்னும் நீளும். அதுவரைக்கும் பாசிக்குப் போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்றாடக் கூலியை நான் கொடுக்கப்போவதில்லையே. ஆனால் பாறையிலும் பவளக்கல்லிலும் கால் கிழியும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், விரலுக்குத் துணி சுற்றுவதைப் போலக் காலுக்கும் கெட்டியான செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

வாப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று ரிவராக்சபான் கொடுத்திருக்கிறார்கள். நோன்பு வைக்கலாமா? உம்மாவுக்கு வால்வு மாற்றி ஆசிட்ரோம் போடுகிறார்கள், மாதாமாதம் டெஸ்டுக்கு அலைவதைவிட அவர்களையும் இந்தப் புது மாத்திரைக்கே மாற்றிவிடலாமே? – வாசகர், கீழக்கரை (துபாயிலிருந்து)

உம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உலோக வால்வு என்றால் மாற்றக்கூடாது. டபிகாட்ரான் என்ற புது மாத்திரையை உலோக வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வைக் கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிவு 2013-ல் வெளியானது. வால்வு மாற்றாமல், சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கித் துடிப்பும் தவறுகிறவர்களுக்கும் பழைய மாத்திரைதான் (ஆசிட்ரோம், வார்ஃபரின் வகை) நல்லது என்று 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அதில் பழைய மாத்திரை போட்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. நம் நாட்டில் ருமாட்டிக் நோய் நிறைய இருப்பதால் இது நமக்கு ரொம்ப முக்கியமான செய்தி. உம்மாவுக்கு வைத்தது உலோகம் இல்லாமல் மாடு, பன்றித் திசுவில் செய்த திசு வால்வாக இருந்தால் பேச்சு வேறு, அதை அவர்களுடைய இதய டாக்டர்தான் சொல்லவேண்டும்.

வாப்பாவுக்கு ரிவராக்சபான் 15 அல்லது 20 மி.கி. என்றால் அதைச் சாப்பாட்டோடுதான் போடவேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஒருநாளைக்கு ஒன்றுதான் என்பதால் நோன்பு திறந்து சாப்பிடும்போது போட்டுக்கொள்ள வசதியாகத்தான் இருக்கும். இரண்டு வேளை அபிக்சபான் போடுகிறவர்களுக்கு இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று கேட்கவேண்டிவரும். எனக்கு நேரத்தைவிடத் தண்ணீர்தான் கவலை. இந்தப் புது மாத்திரைகள் எல்லாமே கொஞ்சமோ நிறையவோ சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை, வெயில் காலத்தில் பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் வயதானவர் வாடிப்போனால் மருந்து உடம்பிலேயே தங்கும். அதனால் நோன்புக்கு முன்னால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், அவர் வேண்டாம் என்றால் வாப்பாவுக்கு எடுத்துச் சொல்கிற வேலை உங்களுடையது, போனிலாவது. ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை என்பதைச் சிலர் டெஸ்டே வேண்டாம் என்று புரிந்துகொள்கிறார்கள். சிறுநீரகமும் ரத்த அளவும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும், வாப்பா வயதுக்கு இன்னும் அடிக்கடி.

டபிகாட்ரான் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கேப்ஸ்யூலுக்கு ஈரம் ஆகாது, நம் கடற்கரைக் காற்றுக்கு அதைப் பிரித்து வார டப்பாவில் போட்டுவைக்காதீர்கள். வந்த உறையிலேயே இருக்கட்டும், உடைத்தும் விழுங்கக்கூடாது.

என் மகளுக்கு 23 வயது, பதினெட்டு வயதில் உலோக வால்வு வைத்தது. மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷனைச் சொல்லிவிட்டோம், மாத்திரையைச் சொல்லவில்லை. கல்யாணமான கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கலாமா? – தாய், சாயல்குடி

ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள் அம்மா. ஆபரேஷனையே சொல்லிவிட்டீர்கள், மாத்திரையைச் சொல்வதற்கு என்ன?

மறைத்தால் வரும் ஆபத்து இப்படி வரும். ஆசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் கருவுக்குள் போகும். கர்ப்பத்தின் 6-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரைக்கும் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக்கூடும். இது தெரிந்த சில பெண்கள் நாள் தள்ளிப்போனதும் பயந்து தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அப்போது வால்வு அடைத்துக்கொண்டு தாய்க்கே ஆபத்தாகிவிடும். வழி இல்லாமல் இல்லை. முதல் மூன்று மாதம் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாறுவது, குறைந்த அளவு மாத்திரையிலேயே தொடர்வது, பிரசவம் நெருங்கும்போது மறுபடி மாற்றுவது என்று முறைகள் இருக்கின்றன. எது என்பதைக் கர்ப்பமாவதற்கு முன்னாலேயே இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும், பிரசவமும் இந்த இரண்டு டாக்டர்களும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கவேண்டும். அதனால் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள், அதுவரைக்கும் கருத்தடைக்கு என்ன செய்வது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம், எல்லாக் கருத்தடை மாத்திரையும் இவளுக்கு ஆகாது. மாதவிலக்கு அதிகம் போகிறதா என்றும் மகளிடம் கேளுங்கள், பெண்கள் அதைச் சொல்லாமலே ரத்தச்சோகையில் கிடக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு இந்த மாத்திரையோடு தாய்ப்பால் கொடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை.

பல் பிடுங்கவேண்டும். பல் டாக்டர் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். – வாசகர், உச்சிப்புளி

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. ஒன்றிரண்டு நாள் முன்னதாக ஐ.என்.ஆர். எடுத்து அளவுக்குள் இருந்தால் காலை நேரத்தில் பிடுங்கி, பஞ்சை அழுத்திவைத்து, தேவைப்பட்டால் தையல் போட்டு அனுப்பலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் போகாதீர்கள், ராத்திரி கசிந்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஆள் தேடவேண்டும்.

எதெல்லாம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்? அப்பாவுக்குப் பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம் வந்தாலே வீடு கலங்கிவிடுகிறது. – வாசகி, ஏர்வாடி

எப்போதாவது ஈறில் லேசாக ரத்தம், எங்கோ இடித்த இடம் சிறிதாகக் கன்னிப்போவது, இதற்குக் கலங்கவேண்டாம். மிருதுவான பிரஷ் வாங்கிக்கொடுங்கள், அடிக்கடி வந்தால் டெஸ்ட் எடுங்கள்.

மலம் தார் மாதிரி கறுத்து வழவழவென்று போனால், காப்பித்தூள் கரைத்ததுபோல வாந்தி வந்தால், சிறுநீர் சிவந்தால், மூக்கில் வரும் ரத்தம் கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால், இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால் உடனே கிளம்புங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுவதே நல்லது. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ அது கட்டியாகவும் இருக்கலாம் கசிவாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதனால் வீட்டில் வைத்து எந்த மாத்திரையையும் கூடுதலாகக் கொடுக்காமல், வாயில் தண்ணீரும் ஊற்றாமல், ஸ்கேன் வசதி இருக்கிற இடத்துக்கே போகவேண்டும், 108-ல் ஏறும்போதே அதைச் சொல்லுங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் கடைசி ஐ.என்.ஆர். சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள், கசிவாக இருந்தால் எந்த மாத்திரை என்பதைப் பொறுத்துத்தான் மாற்று மருந்து கொடுப்பார்கள்.